இரண்டு நீலம்

2018 மார்ச் 17, சனிக்கிழமை. மதியம் மூன்று மணி வெயிலில் ஜூஜுவாடி பஸ் ஸ்டாப்பில் நாங்கள் நான்கு பேர் நின்றிருந்தோம். நான்கு பேருமே நீலச் சட்டை. இரண்டு பேர் பெங்களூரு எஃப்சி, இரண்டு பேர் சென்னையின் எஃப்சி. தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஏதோ ஒரே கம்பெனி யூனிஃபார்ம் போலத்தான் தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் அது சகஜம். சிப்காட் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பாதி ஊர் நீலத்தில்தான் நடக்கும்.

சென்னை ஜெர்சி போட்டிருந்த நானும் இன்னொருவனும் அதன் மேல் ஒரு முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டோம். யாரும் சொல்லவில்லை. பஸ் அத்திபெலே தாண்டும்போது கை தானாகப் பட்டனைப் போட்டது. "டேய், இது ஃபுட்பால் மேட்ச்டா, ஒண்ணும் ஆகாது" என்றான் பெங்களூரு ஜெர்சிக்காரன். அவனுக்கும் தெரியும். அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, 2016 செப்டம்பர் 12 அன்று, காவிரிக் கலவரத்தில் பஸ்கள் எரிந்தபோது அவனும் என்னோடுதான் அத்திபெலேயில் இருந்து எல்லை வரை நடந்து வந்தான். தோளில் லேப்டாப் பை. முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கானவர்கள், குழந்தைகளையும் சூட்கேசையும் தூக்கிக்கொண்டு. தமிழ்நாட்டு வண்டி அந்தப் பக்கம் போகாது, கர்நாடக வண்டி இந்தப் பக்கம் வராது. நடுவில் இருந்த தார்ச்சாலை மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது.

அதே வருடம் அக்டோபர் 19 அன்று அதே நண்பன் என்னை கண்டீரவா ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனான். ஏஎஃப்சி கோப்பை அரையிறுதி. எதிரணி மலேசியாவின் ஜோகூர் தாருல் தாஜிம், நடப்புச் சாம்பியன். பெங்களூரு 3-1 என்று ஜெயித்தது. சுனில் சேத்ரி இரண்டு கோல், ஹுவானன் ஒன்று. ஒரு இந்திய கிளப் அந்தக் கோப்பையின் இறுதிப் போட்டிக்குப் போனது அதுதான் முதல் முறை. (தோஹாவில் ஈராக்கின் ஏர் ஃபோர்ஸ் கிளப்பிடம் 0-1 என்று தோற்றார்கள். அது வேறு கதை.) மேற்கு கேலரியில் வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் கூட்டத்துக்கு நடுவே நான் நின்றிருந்தேன். அவர்கள் பாடிய பாட்டில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு முன் என்னை நடக்க வைத்த நகரத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவர் கோல் விழுந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். அந்த ஆளை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊரின் சிக்கல் இதுதான். ஜூஜுவாடியில் இருந்து கண்டீரவா 40 கிலோமீட்டருக்குள். சென்னை நேரு ஸ்டேடியம் 300 கிலோமீட்டருக்கு மேல். வேலை பெங்களூரில், ஓட்டு தமிழ்நாட்டில், வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழும் கன்னடமும். சரக்கு லாரிகள் வரிசை கட்டி நின்ற வணிகவரி செக்போஸ்ட் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் போனது. எந்த அணிக்குக் கத்துவது என்ற கேள்விக்கு மட்டும் எங்கள் டீக்கடையில் இன்னும் செக்போஸ்ட் உண்டு.

இந்தக் கேள்வியை என் பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். அல்சூர் கௌதமபுரத்தில் இருந்தவர். பீலேவுக்குச் சிலை வைத்திருக்கும் பேட்டை அது, மினி பிரேசில் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுவார்கள். "எந்த ஊரு டீம்னு கேக்காதப்பா, யாரு ஆடுறான்னு கேளு" என்றார். அப்புறம் இரண்டு மணி நேரம் பேசினார். அன்று அவர் சொன்னதைப் பிறகு நான் தேடிப் படித்துச் சரிபார்த்தேன். என் தொழில் வியாதி, எதையும் டெஸ்ட் செய்யாமல் நம்ப முடியாது. பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

1809இல் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைந்தபோது மதராஸ் ராணுவத்தோடு தமிழர்களும் வந்தார்கள். சிப்பாய்கள், சமையல்காரர்கள், கொத்தனார்கள், துணி வெளுப்பவர்கள். மைசூர் மன்னருக்குத் திரும்ப ஆட்சி கிடைத்த 1881க்குப் பிறகும் அந்தப் பகுதி மட்டும் 1947 வரை ஆங்கிலேயர் கையில் தனியாக இருந்தது. வெள்ளைக்கார ரெஜிமென்ட்டுகள் மைதானத்தில் ஆடியதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பையன்கள், வெறுங்காலோடு அதே ஆட்டத்தைத் தெருவில் ஆட ஆரம்பித்தார்கள். 1937இல் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதுவரை பெரும்பாலும் பிரிட்டிஷ் ராணுவ அணிகளின் அலமாரியில் இருந்த கோப்பை. மறு வருடமும் அவர்களே வென்றார்கள்.

சுதந்திர இந்தியா ஒலிம்பிக்கில் அடித்த முதல் கால்பந்து கோல் யாருடையது? 1948 ஜூலை 31, லண்டன் அருகே இல்ஃபோர்டு, எதிரணி பிரான்ஸ். 70ஆவது நிமிடத்தில் அதை அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன். இந்தியா இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டு 1-2 என்று தோற்றது. அதே ஒலிம்பிக் அணியில் பெங்களூரில் இருந்து டி. சண்முகம், அகமது கான், தன்ராஜ். அகமது கானும் தன்ராஜும் கல்கத்தா போய் ஈஸ்ட் பெங்காலில் 'பஞ்ச பாண்டவர்' என்று பெயரெடுத்த ஐவரில் இருவர் ஆனார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம் இருந்தார். மோகன் பகானில் அவருக்கு 'பேபி டாக்சி' என்று பட்டப்பெயர். குட்டையான ஆள், சந்து பொந்தில் புகுந்து போய்விடுவாராம். இந்தப் பெயர்களைச் சொல்லும்போது பெரியப்பா ஒவ்வொருவருக்கும் தெருப் பெயரையும் சேர்த்தே சொன்னார்.

மைசூர் மாநில அணி சந்தோஷ் டிராபியை நான்கு முறை வென்றது. கடைசி இரண்டும் 1967-68, 1968-69 சீசன்களில், அடுத்தடுத்து. அதோடு நின்றது. பொதுத்துறை கம்பெனி அணிகள் கொஞ்ச காலம் தாங்கிப் பிடித்தன. வேலையும் ஆட்டமும் ஒன்றாகக் கிடைத்த காலம் அது. அந்த வேலைகள் குறைந்தபோது ஆட்டமும் குறைந்தது. இதை விரிவாக யாராவது எழுத வேண்டும். என்னால் ஆகாது.

2013இல் பெங்களூரு எஃப்சி வந்தது. முதல் சீசனிலேயே ஐ-லீக் சாம்பியன். ஜிம், டயட், ஆஷ்லி வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயப் பயிற்சியாளர், எல்லாம் ஐரோப்பிய ஒழுங்கு. பெரியப்பா ஒரே ஒரு மேட்ச் வந்தார். இடைவேளையில் என்னிடம் கேட்டார்: "இதுல எத்தன பேரு இந்த ஊரு பசங்க?"

பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. அன்று இரவு ஒரு எக்செல் ஷீட் திறந்தேன். சீசன் வாரியாக இரண்டு அணிகளின் வீரர்கள், பிறந்த ஊர், யாரை வைத்துக்கொண்டார்கள், யாரை விட்டார்கள். இந்தக் கட்டுரையே அந்த ஷீட்டில் இருந்து வந்ததுதான்.

2017 ஜூலை டிராஃப்ட் வந்தபோது அந்த ஷீட்டைச் சுற்றித்தான் டீக்கடைச் சண்டை. ஒவ்வொரு கிளப்பும் இரண்டு மூத்த வீரர்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெங்களூரு சேத்ரியையும் உதாந்தா சிங்கையும் வைத்துக்கொண்டது. நடுக்களத்தின் மூளையாக இருந்த யூஜின்சன் லிங்டோவைக் கைவிட்டது. ஏடிகே அவரை 1.10 கோடிக்கு எடுத்தது. அந்த டிராஃப்டின் உச்ச விலை அது. "மூளைய வித்துட்டு கால வச்சிக்கிட்டானுங்க" என்று நண்பன் ஒரு வாரம் புலம்பினான். சென்னை ஜெஜெயையும் கோல்கீப்பர் கரன்ஜித்தையும் வைத்துக்கொண்டது. இளையவர்களில் தாபாவும் ஜெர்ரியும். இதைப் பற்றி எங்களுக்குள் சண்டையே இல்லை, அதனால் சுவாரசியமும் இல்லை.

சண்டை வந்தது தனபால் கணேஷால். சென்னைப் பையன். டிசம்பர் 17 அன்று கண்டீரவாவில் 85ஆவது நிமிடம் சேத்ரி சமன் செய்ய, மொத்த ஸ்டேடியமும் எழுந்து நிற்க, மூன்று நிமிடத்தில் கணேஷ் தலையால் முட்டி 2-1 ஆக்கினார். மார்ச் 13 அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஜெஜெ இரண்டு அடிக்க, நடுவில் கணேஷ் ஒன்று. 3-0. பெரியப்பாவுக்கு போன் போட்டேன். "பேரு என்னன்ன? கணேஷா? எந்தத் தெரு?" என்றார்.

ஆக, மார்ச் 17. லீக்கில் பெங்களூரு 40 புள்ளிகளோடு முதலிடம், சென்னை 32இல் இரண்டாமிடம். கால் லட்சம் பேர். ஒன்பதாவது நிமிடமே உதாந்தாவின் கிராஸில் சேத்ரி பாய்ந்து தலையால் அடித்தார். நானும் என் கூட்டாளியும் சட்டைப் பட்டனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தோம். 17ஆவது நிமிடம் கார்னர், மைல்சன் ஆல்வெஸ், கோல். 45ஆவது நிமிடம் மறுபடி கார்னர், மறுபடி மைல்சன். ஒரே பிழை இரண்டு முறை. ஜான் கிரிகரி அந்த சீசன் முழுக்க இதைத்தான் செய்தார், அழகாக ஆடத் தேவையில்லை, செட்பீஸில் கொல் என்று. 67இல் ரஃபேல் அகஸ்டோ பெட்டிக்கு வெளியில் இருந்து அடித்ததும் என் கூட்டாளி எழுந்து சட்டையைக் கழற்றிவிட்டான். நான் இரண்டு நொடி யோசித்தேன். பிறகு கழற்றினேன். பக்கத்து வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "சென்னையா?" என்று தமிழில் கேட்டார். "ஜூஜுவாடி" என்றேன். சிரித்துவிட்டார். "நான் ஆஸ்டின் டவுன். ஆனா என் டீம் இது" என்று நெஞ்சில் இருந்த நீலத்தைக் காட்டினார். மிக்கு கூடுதல் நேரத்தில் ஒன்று போட்டும் 3-2தான். சென்னைக்கு இரண்டாவது பட்டம். அவர் கிளம்பும்போது எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் நடந்ததை எந்த ரசிகனும் மறக்க மாட்டான். சாம்பியன் அணி 18 போட்டிகளில் 9 புள்ளி, கடைசி இடம். தற்காப்பின் தலைவன் செரெனோ போய்விட்டார், கணேஷ் முழங்கால் காயத்தால் சீசன் முழுக்க வெளியே, ஒன்பது கோல் அடித்த ஜெஜெ ஒன்றோடு நின்றார். கிரிகரிதான் காரணம் என்றான் ஒருவன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நல்ல சிஸ்டத்தில் யாரும் கவனிக்காத இரண்டு பாகங்கள் இருக்கும். அவற்றைக் கழற்றினால்தான் எது எதைத் தாங்கியது என்று தெரியும். பெங்களூரு மறுபக்கம் ரோக்கா போனதும் அவருடைய உதவியாளர் குவாத்ராத்தையே பயிற்சியாளராக்கியது. அணியின் முதுகெலும்பைக் கலைக்கவில்லை. 2019 இறுதிப் போட்டியில் 117ஆவது நிமிடம் ராகுல் பேக்கே அடித்த கோலில் சாம்பியன். அதே மார்ச்சில் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக்கை வென்றது. தமிழ்நாட்டின் கடைசி அணியும் முதல் அணியும் ஒரே சீசனில். சென்னை சிட்டியில் எட்வின் சிட்னி வான்ஸ்பால் போன்ற தமிழ்ப் பையன்கள் ஆடினார்கள். அந்த கிளப் இன்று இல்லை. என் ஷீட்டில் அந்த வரிசைக்குச் சாம்பல் நிறம் போட்டு வைத்திருக்கிறேன்.

எனக்கு அதிகம் வலித்தது நந்தகுமார் சேகர் விஷயம். சென்னையில் வளர்ந்தவர், சென்னை சிட்டியில் ஆடியவர். பிறகு டெல்லி, ஒடிசா. 2023 ஏப்ரலில் சூப்பர் கோப்பை இறுதிப் போட்டியில் ஒடிசா பெங்களூருவை 2-1 என்று வென்றபோது அந்த அணியில் இருந்தார். ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலுக்காக டுராண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோலுக்குக் கொல்கத்தா கொண்டாடியது. அதே வருடம்தான் சென்னையின் தன் கேப்டன் தாபாவை மோகன் பகானுக்கு விட்டது. எழுபது வருடத்துக்கு முன் அகமது கானும் தன்ராஜும் ஏறிய அதே கல்கத்தா ரயில்தான். காரணமும் அதேதான். காசும் கூட்டமும் அங்கே. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்கத்தான் முடியவில்லை.

பெரியப்பா 2021இல் போய்விட்டார். 2023 மார்ச் 4 அன்று ரியாத்தில் கர்நாடகா மேகாலயாவை 3-2 என்று வென்று சந்தோஷ் டிராபியை எடுத்தது, 54 வருடங்களுக்குப் பிறகு. அன்று யாருக்கு போன் போடுவது என்று தெரியாமல் மொபைலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2025 ஏப்ரல் 12 இறுதிப் போட்டியை டீக்கடை டிவியில் பார்த்தோம். நாற்பது வயதில் சேத்ரி அந்த சீசனில் 14 கோல் அடித்திருந்தார். சென்னையின் பதினொன்றாவது இடம், அதனால் அன்று நான்கு பேரும் பெங்களூருதான். மோகன் பகானிடம் கூடுதல் நேரத்தில் 1-2. ஜூலையில் அடுத்த சீசனையே நிறுத்தி வைத்திருப்பதாக லீக் நடத்துபவர்கள் அறிவித்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தியது. அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த நண்பன் கடை பெஞ்சில் உட்கார்ந்து, "ஷீட்டை ஓப்பன் பண்ணு, யார் யாரை வச்சிக்கலாம்னு பாப்போம்" என்றான்.

"லீக்கே இல்லடா."

"தெரியும். பண்ணு."

லேப்டாப்பைத் திறந்து 2025-26 என்று ஒரு புது டேப் போட்டேன். முதல் வரியில் யாரை எழுதுவது என்பதில் ஆரம்பித்த சண்டை முடிய ஒன்பதரை மணி ஆயிற்று. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.