கரிய நீரும் கதிரவன் ஒளியும்

ஞாயிறு கடல்நீரை ஆவியாக்குவதைப் பள்ளிச் சிறாரும் அறிவர். அந்நீருக்குள் அஃது ஆற்றும் இரசாயன வினையை அறிஞர் தெளிந்ததோ அண்மையில்தான். ஒளி நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதை இங்கிலாந்தில் டௌன்ஸ், பிளண்ட் இருவரும் 1877இல் காட்டினர். ஆற்றுநீர் போன்ற இயற்கை நீரில் வெயில் பட்டு ஐதரசன் பெராக்சைடு உண்டாவதைக் கூப்பரும் சீக்காவும் விளக்கியது 1983இல்.

இஃது அயல்நாட்டார்க்கே உரிய செய்தி அன்று. கிள்ளானுக்குத் தெற்கே கோல லங்காட்டில் மலாய் மக்கள் 'காம்புட்' என்னும் சதுப்பு மண் உண்டு. நீரில் மூழ்கி முற்றும் மட்காத இலையும் மரமும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்தது அது. அதில் ஊறிவரும் நீர், பிரிக்பீல்ட்ஸ் கடையில் 'தே ஓ' கேட்டால் வரும் நிறம்!

அந்நிறப்பொருள் புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும் விழுங்குகிறது. விழுங்கிய ஒளியாலேயே சிதைகிறது. கொடியில் காயும் சாயச் சேலை வெளிறுவது போல என்க. சிதைந்ததில் ஒரு பங்கு கரியமில வாயுவாகும். ஆற்றில் அதன் கருமையே அதற்குக் கவசம். ஒளி ஆழம் புகாது. கடலில் கலந்து நீர்த்த பின்னரே வெயிலின் கை ஓங்கும்.

காட்டை அழித்து வாய்க்கால் வெட்டினால், அடியில் உறங்கிய பழங்கரியும் நீரோடு புறப்பட்டுவிடும். மத்திய கலிமந்தானில், அழிந்த சதுப்புகளின் ஆறுகள் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியான கரியைச் சுமப்பதை 2013இல் கண்டனர். கோல லங்காட் வடக்குக் காப்புக்காட்டில் 500 ஹெக்டருக்கு மேற்பட்ட நிலத்தின் காப்பு 2021இல் நீக்கப்பட்டது. மக்கள் எதிர்த்தனர், அவ்வாண்டு செப்டம்பரிலேயே சிலாங்கூர் அரசு அம்முடிவைத் திரும்பப் பெற்றது.