பூட்டும் சாவியும் பாஸ்வேர்டும்

"சார், பிரவுசர்ல சேமிச்சு வெச்ச பாஸ்வேர்டு எல்லாம் காணாமப் போச்சு. திரும்ப எடுக்க முடியுமா?" என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார். வங்கியில் கம்ப்யூட்டர் வந்த நாள் முதல் அதோடு மல்லுக்கட்டியவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். முடியும், முடியாது என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. கொஞ்சம் பழைய கதை தெரிந்தால்தான் பதில் விளங்கும்.

கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு வந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் 1961-ல் பேராசிரியர் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு, ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்து காட்டியது. அவரவர் கோப்பு அவரவருக்கு மட்டும் என்பதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். அத்தனை பாஸ்வேர்டுகளும் ஒரே கோப்பில் அப்படியே எழுதியிருந்தன. மறுவருடமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தனக்கு ஒதுக்கிய வாரம் 4 மணி நேரம் போதவில்லை என்று அந்தக் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார்! இதைப் பல வருடங்கள் கழித்து அவரே சொன்னார். இன்னொரு முறை ஒரு மென்பொருள் குளறுபடியால், உள்ளே நுழைந்த எல்லோருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக மொத்தப் பாஸ்வேர்டுப் பட்டியலும் திரையில் வந்தது.

இதற்கு ஒரு வழி 1960-களிலேயே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்தது. ரோஜர் நீதம் என்பவரின் யோசனை அது. பிறகு யூனிக்ஸ் கணினிகளுக்காக ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் அதை வளர்த்து, 1979-ல் கட்டுரையாகவே எழுதினார்கள். நம் வீட்டு வழக்கில் சொன்னால், அரிசியை மாவாக அரைக்கலாம். மாவைத் திரும்ப அரிசியாக்க முடியாது. கம்ப்யூட்டர் உங்கள் பாஸ்வேர்டை வைத்துக்கொள்வதில்லை, அரைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை நீங்கள் தட்டச்சு செய்வதையும் அதேபோல் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றுதானா என்று பார்க்கிறது.

"என் பழைய பாஸ்வேர்டு என்ன?" என்று ஒழுங்காக நடக்கும் எந்த நிறுவனத்திடம் கேட்டாலும் பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். பிடிவாதம் ஒன்றுமில்லை, அவர்களுக்கே தெரியாது. புதிதாக ஒன்று வைத்துக்கொள்ள மட்டும் வழி செய்வார்கள்.

ஆனால் பிரவுசரின் பிழைப்பு வேறு. நமக்குப் பதிலாக அது பாஸ்வேர்டை எழுதிக் காட்ட வேண்டும். மாவு அதற்கு உதவாது, அரிசியே வேண்டும். ஆகவே அது அரிசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறது. பெட்டிக்கு ஒரு சாவி உண்டு. பாஸ்வேர்டு தொலையும் கதைகளில் பலவற்றில் உண்மையாகத் தொலைவது இந்தச் சாவிதான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. 1999-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. 2004-ல் ஃபயர்பாக்ஸும் 2008-ல் குரோமும் வந்தன. நம் ஊர் மாறியதும் இதே வருடங்களில்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2006-ல் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பிள்ளைகள் சம்பளக் கணக்கு தொடங்க எங்கள் கிளையில் வரிசையில் நிற்பார்கள். ஒரு கம்பெனியில் இரண்டு வருடம், அடுத்ததில் மூன்று வருடம் என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். சிம் கார்டும் வாடகை அறையும்கூட மாறின. 2014 அக்டோபரில் பி.எஃப். கணக்குக்கு யூ.ஏ.என். என்ற 12 இலக்க எண் வந்தபோது, எத்தனை கம்பெனி மாறினாலும் ஒரே எண் என்பது இவர்களுக்குப் பெரிய உதவி. அந்த எண்ணோடு இன்னொரு பாஸ்வேர்டும் வந்து சேர்ந்தது.

2017-ல் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பல தொழிற்சாலைகளில் வேலை பார்த்த ஒருவர், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக பி.எஃப். பணத்தில் முன்பணம் எடுக்க நினைத்தார். வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்கும் பாஸ்வேர்டு அவருக்கு மறந்துவிட்டது. மனைவி ஊரில் மூத்த மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். இவர் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த பையன் பழைய பாஸ்வேர்டை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றை வைத்துக் கொடுத்தான். கம்ப்யூட்டர் திறந்தது. ஆனால் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளில் ஒன்றுகூட இல்லை. பி.எஃப். தளத்தில் புதிய பாஸ்வேர்டு கேட்டால், ஓ.டி.பி. பழைய கைப்பேசி எண்ணுக்குப் போகும். அந்த எண்ணை அவர் விட்டு வருடங்கள் ஆகியிருந்தன. கட்டணம் கட்டக் கடைசி நாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

விண்டோஸில் பெட்டியின் சாவி, கம்ப்யூட்டரைத் திறக்கும் பாஸ்வேர்டோடு பிணைந்திருக்கிறது. பழையதைச் சொல்லி, புதியதை நாமே மாற்றினால் சாவியும் கூடவே மாறிக்கொள்ளும். பழையது தெரியாமல் வேறொருவர் வலிந்து மாற்றினால் பெட்டி அங்கேயே இருக்கும், திறக்காது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலேயே, இப்படி மாற்றினால் சேமித்த பாஸ்வேர்டுகளை இழப்பீர்கள் என்ற எச்சரிக்கை திரையில் வரும். கடையின் பென் டிரைவ் முறையில் அந்த எச்சரிக்கை கண்ணிலேயே படாது.

நான் அவரிடம் சொன்னது ஒன்றுதான்: "எதையும் அழிக்காதீங்க, மறுபடி இன்ஸ்டால் பண்ணாதீங்க. பழைய பாஸ்வேர்டு யாருக்காவது தெரியுமான்னு பாருங்க." போனில் கேட்டதும் மனைவி சிரித்தாராம். "எனக்குத் தெரியுமே! பாப்பா ப்ராஜெக்டுக்கு நான்தானே தினமும் போட்டுத் திறப்பேன்." அதையே மறுபடி பாஸ்வேர்டாக வைத்து, கம்ப்யூட்டரை மூடித் திறந்தோம். பட்டியல் முழுவதும் வந்துவிட்டது. பி.எஃப். தளத்துக்குள் போனதும் அவர் முதலில் கைப்பேசி எண்ணை மாற்றினார், பிறகுதான் முன்பணத்துக்கு விண்ணப்பித்தார். இப்போதுள்ள பிரவுசர்களில் இந்த வழி எப்போதும் பலிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் வேறொரு கதை நினைவுக்கு வரும். 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர் இது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பிரபந்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாசுரங்கள் ஒரு காலத்தில் வழக்கொழிந்து போயிருந்தன என்பது வைணவ மரபு. வீரநாராயணபுரத்து நாதமுனிகள், குடந்தை ஆராவமுதனைப் பற்றிய பத்துப் பாட்டை மட்டும் கேட்டார். அவை ஆயிரத்தில் பத்து என்று தெரிந்ததும் மீதியைத் தேடி ஆழ்வாரின் ஊரான திருக்குருகூர் போனார். யாரிடமும் இல்லை. மதுரகவிகளின் சீடர் பரம்பரையில் வந்த பராங்குசதாசருக்குக் கண்ணிநுண் சிறுத்தாம்பின் பதினொரு பாசுரங்கள் மட்டும் தெரிந்திருந்தன. அதைப் பன்னீராயிரம் தடவை ஓதி நாலாயிரத்தையும் பெற்றார் என்பார்கள். எல்லாம் தொலைந்தபோதும், வழியைத் திறக்கும் பதினொன்று ஒருவர் நெஞ்சில் இருந்தது.

ஆகவே தொலைத்தவர்கள் முதலில் நிதானமாக இருங்கள். அதே மின்னஞ்சல் கணக்கோடு உங்கள் செல்போனிலும் பிரவுசர் இருந்தால், பாஸ்வேர்டுகள் அங்கே பத்திரமாக இருக்கலாம். ஃபயர்பாக்ஸ்காரர்கள் பழைய கம்ப்யூட்டரிலிருந்து நகல் எடுக்கும்போது லாகின்ஸ்.ஜேசன், கீ4.டிபி என்ற இரண்டு கோப்புகளையும் எடுக்க வேண்டும். முதலாவது பெட்டி, இரண்டாவது சாவி. ஒன்று மட்டும் இருந்து பயனில்லை. "மீட்டுத் தருகிறோம்" என்று போனில் பேசி ஓ.டி.பி. கேட்பவர்களிடம் வாயே திறக்காதீர்கள். வங்கி, பி.எஃப்., ஓய்வூதியம் எல்லாவற்றிலும் இன்று கையில் இருக்கும் எண்தான் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

எங்கள் வங்கியில் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், ஒன்று காசாளரிடம். மாற்றுச் சாவிகள் முத்திரையிட்ட உறையில் வேறொரு கிளையில் இருக்கும். வீட்டுக்கும் அது பொருந்தும். கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டையும் மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டி, பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். உறை இருக்கும் இடத்தை வீட்டில் இன்னொருவரிடம் சொல்லிவிடுங்கள். நாம் மறந்தாலும், நாமே இல்லாமல் போனாலும், நம் பணம் நம் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும் அல்லவா?