கணினிக்கு மின்சாரம் வந்த வழி



நம் பிள்ளைகள் பயன்படுத்தும் மேசைக் கணினியின் பின்புறத்தை நாம் உற்றுப் பார்த்ததுண்டா? அங்கே செருகப்படும் கம்பிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

முற்காலத்தில் கெடாவின் தோட்டங்கள் பலவற்றில், தோட்டத்து இயந்திரம் ஓடும்வரைதான் விளக்கு. இரவில் அதை நிறுத்திவிட்டால் லயம் இருண்டுவிடும். 1949-இல் மத்திய மின்சார வாரியம் தோன்றியது. அது 1965-இல் தேசிய மின்சார வாரியம் என்றும், 1990-இல் தெனாகா நேஷனல் என்றும் ஆயிற்று. சுங்கைப் பட்டாணியானாலும் கூலிமானாலும் ஒரே அளவு மின்சாரம்: 240 வோல்ட். 2008 முதல் அதை 230 என்று குறிக்கிறார்கள். நம் மூன்று கால் பிளக் 1947-இல் பிரிட்டனில் வகுக்கப்பட்டது. அதில் ஒரு கால் மட்டும் நீளம். காப்புக்கான நில இணைப்பு முதலில் சேரவேண்டும் என்பதே காரணம்.

ஆனால், 1981-இல் ஐ.பி.எம். கணினி பிறந்த அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட்தான். ஆகவே பிற்காலத்து மின்பெட்டிகள் பலவற்றில் 115, 230 என்று மாற்றும் சிறு சுவிட்ச் வைத்தார்கள். அதை 115-இல் விட்டு நம் சுவரில் செருகினால் பெட்டி கருகிவிடும். நம் பள்ளிக்கு வந்த பழைய கணினி ஒன்றை நாம் அப்படித்தான் இழந்தோம். பார்த்துச் செருகியிருந்தால் பிள்ளைகள் ஓராண்டு படித்திருப்பார்கள்.

கணினிக்கு உள்ளேயும் ஓர் ஆபத்து இருந்தது. மின்பெட்டி, வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட் எனக் குறைத்துத் தாய்ப்பலகைக்கு அனுப்புகிறது. 1984-இல் வந்த ஏ.டி. வகையில் அதற்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு இணைப்பிகள். இடம் மாற்றிச் செருகினால் பலகை பாழாகலாம். "கறுப்புக் கம்பிகள் நடுவில் சேரட்டும்" என்பதே பழுது பார்ப்போரின் பாடம்.

1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற தரநிலையை வகுத்தது. 1972 முதல் பினாங்கிலும், பின்னர் நம் கூலிமிலும் ஆலை நடத்திவரும் அதே நிறுவனம்தான். இருபது துளைகள் கொண்ட ஒரே இணைப்பி. துளைகளின் வடிவங்கள் வேறுபடுவதால் தலைகீழாகச் செருக முடியாது. பின்னர் அது இருபத்து நான்கு துளைகளாக வளர்ந்தது. மனிதர் நினைவில் வைத்திருந்த பாடத்தை இணைப்பியின் வடிவமே ஏற்றுக்கொண்டது.

ஒன்று மட்டும் மறவாதீர்கள். ஏ.டி.எக்ஸ். கணினியை அணைத்தாலும் உள்ளே 5 வோல்ட் காத்திருக்கும். திறப்பதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். மின்பெட்டியை மட்டும் எப்போதும் திறக்காதீர்கள்; பிடுங்கிய பின்னும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

எவரோ இழந்த பொருளும் பட்ட துன்பமுமே பின்னர் தரநிலை ஆகின்றன. அந்த அனுபவத்தை நம் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.