அம்மாவை வெளியே அனுப்பு!

லண்டன், 1866. டாக்டர் வில்லியம் கல் முன்னால் 17 வயதுப் பெண். எலும்பும் தோலும்! எடை 37 கிலோதான். காசநோயா? இல்லை. சாப்பிட மாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான்! ஆனால், ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று நடமாட்டம் வேறு.

1873-ல் இந்த நோய்க்கு 'அனோரெக்ஸியா நெர்வோசா' என்று பெயர் சூட்டினார் கல். நேரா நேரத்துக்குச் சாப்பாடு கொடுங்கள் என்றார். சரிதான்! கூடவே, இவர்களைக் கவனித்துக்கொள்ள உறவுக்காரர்கள் லாயக்கே இல்லை என்றும் சொல்லிவைத்தார். பிடித்தது சனி! வீட்டைவிட்டுப் பிரிப்பதே வைத்தியமாகிவிட்டது. மகள் தட்டை ஒதுக்குவதைப் பார்த்து வெந்துபோயிருக்கும் அம்மா தலையிலேயே பழியும் விழுந்தது.

நூறு வருஷத்துக்குப் பிறகு அதே லண்டனில், மாட்ஸ்லி மருத்துவமனைக்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 80 பேரின் உடம்பைத் தேற்றி, பாதிப் பேருக்குத் தனியாக கவுன்சலிங். மீதிப் பேருக்குக் குடும்பத்தோடு. 1987-ல் முடிவு வெளியானது. 18 வயதுக்குள் அனோரெக்ஸியா வந்து, மூன்று வருஷம் தாண்டாத பிள்ளைகளுக்குக் குடும்பம்தான் கைகொடுத்தது! (பெரியவர்களிடம் இது பலிக்கவில்லை.)

இந்த முறையில் யார் தப்பு என்று தோண்டுவதில்லை. இரண்டாவது சந்திப்புக்கே வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். மகள் 'போதும்' என்று நிறுத்திய பிறகு, இன்னும் ஒரே ஒரு வாய் சாப்பிட வைக்க வேண்டியது பெற்றவர்கள். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்!