பொற்கொல்லர் மகன் திருத்திய குழல்

குழலிலே துளை எங்கே அமையவேண்டும்? விரல் எட்டும் இடத்திலா, ஒலி வேண்டும் இடத்திலா? சிறு கேள்விதான். எனினும், ஐரோப்பிய இசைவாணரிற் பெரும்பாலோர் இக்கேள்வியை எழுப்பாமலே தலைமுறை தலைமுறையாகக் குழல் ஊதி வந்தனர். எழுப்பியோர் ஒரு சிலர். அவர்களுள் விடையின் எல்லைவரை சென்றவர், தம் கையாலேயே கடைந்து காட்டியவர், ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1794 ஆம் ஆண்டு பிறந்த தியோபால்ட் போம்.

அவர் காலத்துப் பழங்குழலை நாம் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மரத்தைக் கடைந்து செய்த குழல். விரல்களுக்கென ஆறு துளைகள். இரு கைகளின் மும்மூன்று விரல்கள் வருந்தாமல் விழுகின்ற இடமே துளைக்கு இடம். விரல்நுனி மூடக்கூடிய அளவே துளைக்கு அளவு. அத்துளைகள் நேரே தரும் சுரங்கள் தெளிவாகவே ஒலிக்கும். இடைப்பட்ட சுரம் வேண்டுமாயின், ஒரு துளையைத் திறந்து, அதற்குக் கீழுள்ளதை மூடிக் குறுக்கு வழியிலே பிடிக்கவேண்டும். அவ்வாறு பிறந்த சுரமோ மெலிந்து, மங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவார் குரல்போல வரும். இக்குறை நீக்க ஒன்று, நான்கு, எட்டு என்று உலோக மூடிகளைச் சேர்த்துக்கொண்டே போயினர். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடலாம். அளவே தவறிய சட்டைக்கு ஒட்டு என்ன செய்யும்?

போமின் தந்தையார் பொற்கொல்லர். பட்டறை நெருப்பின் அருகே வளர்ந்த பிள்ளை, இளமையிலேயே நான்கு மூடிக் குழலொன்றைப் பார்த்துத் தாமே ஒன்று செய்துகொண்டார். 1818 இல் பவேரிய அரசவை இசைக்குழுவிலே இடம்பெற்றார். 1828 இல் சொந்தக் குழற்பட்டறை கண்டார். ஊதுகிறவர் ஒருவர், செய்கிறவர் வேறொருவர் என்றிருக்கையில், ஊதுகிறவரின் ஏக்கம் செய்கிறவரின் காதில் விழுவதில்லை. செய்கிறவரின் அருமை ஊதுகிறவரின் கண்ணில் படுவதில்லை. இங்கே வாயும் கையும் ஒருவருடையனவே.

1831 இல் அவர் இலண்டன் சென்றார். அங்கே சார்லஸ் நிகல்சன் என்ற கலைஞரின் குழலைக் கேட்டார். பெரிய துளைகள் கொண்ட குழல். அவற்றை மூடவல்ல வலிய கைகள். அரங்கை நிறைக்கும் ஒலி. அந்த ஒலிக்குத் தம்மால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பதைப் போம் உணர்ந்தார். வேறொருவராயின், ‘அவருக்கு வாய்த்த கை அப்படி’ என்று பெருமூச்சு விட்டிருப்பார். போமோ, கையைப் பாராமல் குழலைப் பார்த்தார். நிகல்சனைக் கேட்டிராவிடில் தம் புதுக்குழல் பிறந்தே இராது என்று முதுமையிலே கடிதமொன்றில் எழுதவும் செய்தார்.

1832 இல் முதல் திருத்தம் வந்தது. துளைகளை ஒலி கேட்கும் இடத்திலே இட்டார். எட்டாத துளையை விரல் எவ்வாறு மூடும்? எட்டுகின்ற துளையைச் சூழ வளையமொன்று வைத்தார். விரல் அத்துளையை மூடும்போதே வளையமும் அழுந்தும். அதனோடு அச்சுக்கம்பியால் இணைந்த மூடி, தொலைவிலுள்ள துளையை மூடும். ஒரு விரலுக்கு இரு வேலை!

இடையிலே சில ஆண்டுகள் இரும்புத் தொழிலில் கழிந்தன. பிறகு, ஐம்பதைக் கடந்த வயதிலே, பேராசிரியர் ஷாஃப்ஹாய்ட்ல் என்பாரிடம் ஒலியியல் கற்க அமர்ந்தார். குழாய்களைச் செய்து செய்து ஊதிப் பார்த்தார். 1847 இல் இரண்டாம் குழல் வெளிவந்தது. அடிவரை ஒரே அளவாய் 19 மில்லிமீட்டர் உள்விட்டம். வாய்வைக்கும் தலைப்பகுதி மட்டும் தக்கை அடைத்த முனை நோக்கிச் சற்றே குறுகும். துளைகள் விரலால் மூட இயலாத அகலம். ஆகவே அனைத்திற்கும் மெத்தை வைத்த மூடிகள். மரத்தின் இடத்திலே வெள்ளி.

வரவேற்பு எப்படி? பாரிஸ் இசைக் கல்லூரியின் குழற்பேராசிரியர் துலூ, பழைய இனிமை போய்விடும் என்றார். புதுக்குழலைக் கல்லூரியில் சேர்க்கும் முயற்சி 1840 ஐ ஒட்டி எழுந்தபோது எதிர்த்து நின்றவர் அவரே. பழங்குழல் செய்து விற்கும் தொழிலிலும் அவருக்குப் பங்கு இருந்தது என்பதையும் இங்கே குறித்து வைப்போம். முப்பது ஆண்டு பழகிய விரலிடம் ‘மற’ என்பது எளிதன்று. அவ்வருத்தத்தை நாம் எள்ளவில்லை. ஆனால், இன்றுதான் குழலெடுத்த மாணவனின் விரல் என்ன பிழை செய்தது? ஆசிரியரின் பழக்கம் அவனுக்கு ஏன் விலங்காக வேண்டும்? அவர் ஓய்வுபெற்று, 1860 இல் தோருஸ் அந்த இருக்கைக்கு வந்த பின்னரே போமின் குழல் அங்கே பாடமாயிற்று.

கோர்டன் என்ற படைத்தலைவரின் திட்டத்தைப் போம் திருடினார் என்ற பழியும் எழுந்தது. கோர்டனும் குழல் திருத்த முயன்றவரே. ஆனால், 1847 இன் குழாயும் கணக்கும் போமுடையவை என்பதிலே நமக்கு ஐயமில்லை.

நம் புல்லாங்குழலுக்கும் இம்மூடிகளைப் பூட்டலாமே என்பார் இருக்கலாம். பொருந்தாது. துளையைப் பாதி திறந்தும், விரலை நழுவவிட்டும் கமகம் பிறப்பிப்பது நம் இசை. மூடி அவ்வழியை அடைத்துவிடும். போம் தம் இசைக்கு வேண்டியதைச் செய்தார்.

அதன் பயனை அங்கே புலவர் பலர் கண்டனர். பிரெஞ்சு இசைப்புலவர் தெபுஸி 1894 இல் அரங்கேற்றிய இசைச்சித்திரமொன்று தனிக்குழலோடு தொடங்குகிறது; அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கி ஏறும் அந்த நடை, பழங்குழலில் போர்வைக்குள் கிடந்த சுரங்களின் வழியே செல்வது. 1936 இல் வாரேஸ், பிளாட்டினக் குழலொன்றுக்கென இயற்றிய படைப்புக்கு, அவ்வுலோகத்தின் அடர்த்தியான 21.5 என்ற எண்ணையே பெயரில் வைத்தார்.

1871 இல் போம் எழுதிய நூல், ஊதும் முறையோடு நிற்கவில்லை. மெத்தை தேய்ந்தால் மாற்றுவது, வில்கம்பி தளர்ந்தால் திருத்துவது, தக்கையைப் பேணுவது, எல்லாம் அதில் உண்டு. பட்டறையை அவர் மறக்கவில்லை. 1881 நவம்பரில், 87 ஆம் வயதில், பிறந்த மியூனிக்கிலேயே மறைந்தார். அப்போதும் ஜெர்மானிய இசைக்குழுக்கள் பலவற்றில் பழங்குழலே ஒலித்துக்கொண்டிருந்தது.