எண்ணும் அவையும் எண்ணப்படும் ஊரும்

கோடைக்கானல் நகராட்சி எல்லையைக் கடந்து வில்பட்டிக்குள் காலடி வைத்தால் சாலை மாறுவதில்லை, குளிரும் மாறுவதில்லை. வாக்களிக்கும் முறை மட்டும் மாறிவிடுகிறது. 2022 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தல் மின்னணு இயந்திரத்தில் நடந்தது. 2019 டிசம்பரில் வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் முதலிய மலையூர்களில் நடந்த ஊராட்சித் தேர்தலிலோ வாக்காளர் கையில் நிறநிறமான சீட்டுகள் தரப்பட்டன. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள்.

அச்சீட்டுகள் 2020 ஜனவரி 2 அன்று எண்ணப்பட்டன. பெட்டியைத் திறந்ததும் முதல் வேலை எண்ணுவதன்று, பிரிப்பது. நிறம் பார்த்துப் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, அந்தந்தப் பதவிக்குரிய மேசைக்கு அனுப்ப வேண்டும். அதன் பின்னரே சின்னம் பார்த்து எண்ணுதல். வேட்பாளரின் முகவர்கள் எதிரே நின்று கண்கொட்டாமல் பார்த்திருப்பர். இரண்டு சின்னங்களில் முத்திரை விழுந்த சீட்டு செல்லாது; முத்திரையே விழாத சீட்டும் செல்லாது. தமிழகமெங்கும் பல ஒன்றியங்களில் எண்ணிக்கை விடிய விடிய நடந்து மறுநாளும் தொடர்ந்தது.

இந்த நிறச்சீட்டு மலையூரின் கைக்கு வந்துசேர்ந்த வரலாறு நம்மில் பலர் நினைப்பதைவிடச் சிக்கலானது. வகுப்பறையில் நாம் வழக்கமாகச் சொல்லும் விடை ‘உத்தரமேரூர்’ என்பது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் இரு கல்வெட்டுகள் உள்ளன. முதலாவது 919-ஆம் ஆண்டினது. அடுத்தது 921-ஆம் ஆண்டினது. ‘குடவோலை கண்ட தமிழன்’ என்று மேடையில் பெருமிதம் கொள்ளும் நாம், கல்வெட்டுகள் ஏன் இரண்டாக இருக்கின்றன என்று கேட்பதில்லை. உண்மையான வியப்பு அங்கேதான் இருக்கிறது. 919-இல் எழுதிய விதிகளை அச்சபை இரண்டே ஆண்டில் திருத்தியது. முதல் விதியில் உறுப்பினர் வயது முப்பது முதல் அறுபது வரை. திருத்திய விதியில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் விலக்கும் விதியும் அதில் உண்டு. ஓர் ஊர் தன் அமைப்புவிதியைத் தானே திருத்திக் கல்லில் பொறித்துவைத்தது என இதனைக் கொள்ளலாம். அரசனின் அதிகாரி உடனிருக்கவே அது நடந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அங்கே வாக்கு எண்ணப்படவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. முப்பது குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். இளையோர் முதியோர் அனைவரும் கூடிய சபையில், நம்பிமாருள் மூத்தவர் குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடிப்பார். பேதம் அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதனை வேறொரு குடத்தில் பிரித்துக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்துத் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். அவன் வாசித்த பெயரை அங்கிருந்த நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். ஓலையை விரல் இடுக்கில் மாற்றிவிடுவானோ என்ற ஐயம் அன்றும் இருந்திருக்கிறது. விரித்த உள்ளங்கை அந்த ஐயத்துக்கு அவர்கள் கண்ட மருந்து. ஆனால் அது பிராமணர் சபை. வரிகட்டும் நிலமும் சொந்த மனையும் உடையோர்க்கே குடத்தில் இடம். பெண்களுக்கும் உழுதவர்க்கும் அங்கே ஓலை இல்லை. எனவே மலையூர்ப் பெண்ணின் கையில் இருக்கும் இளஞ்சிவப்புச் சீட்டுக்கு உத்தரமேரூரை மட்டும் தாயாகச் சொல்லிவிட முடியாது.

அச்சீட்டின் மறுபாதி வரலாறு டில்லியில் நடந்தது. ஊராட்சிகளுக்கு அரசமைப்பில் இடமளிக்கும் 64-ஆம் திருத்த மசோதா 1989-இல் மக்களவையில் நிறைவேறி, அக்டோபரில் மாநிலங்களவையில் தோற்றது. ஆதரவு வாக்குகள் எதிர்ப்பைவிடக் கூடுதலாக இருந்தும் தோற்றது. அரசமைப்பின் 368-ஆம் பிரிவு சொல்லும் கணக்கு வேறு. அவையின் மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். அத்துடன், வந்து வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். 245 பேர் கொண்ட மாநிலங்களவையில் எல்லோரும் வாக்களித்தால் 164 பேர் இசைய வேண்டும். மலையூரில் ஒரே ஒரு வாக்கு கூடுதலாக இருந்தாலும் வென்றவர் வென்றவரே. திருத்த மசோதாவுக்கோ பாதியைத் தாண்டுவது மட்டும் போதாது.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மலையூரின் வாக்கு மறைவானது. யார் யாருக்கு இட்டார் என்பது தெரியக்கூடாது. அவையில் நடக்கும் வாக்குப்பிரிவிலோ யார் ஆம் என்றார், யார் இல்லை என்றார் என்பது பெயரோடு பதிவாகும். ஊரார் தங்கள் விருப்பத்தை அச்சமின்றிச் சொல்வதற்கு மறைவு காவல். பிரதிநிதிகள் ஊராருக்குப் பதில் சொல்வதற்கு வெளிச்சம் காவல்.

தோற்ற கருத்து 73-ஆம் திருத்தமாக மீண்டும் வந்தது. 1992 டிசம்பரில் ஈரவைகளும் ஏற்றன. மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவையும் ஒப்பின. 1993 ஏப்ரல் 24 அன்று அது நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், தனித்த மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு ஆகியவை அரசமைப்பின் சொல்லாயின. தமிழகம் 1994-இல் தனிச் சட்டம் இயற்றியது. 1986-க்குப் பின் நடவாதிருந்த உள்ளாட்சித் தேர்தல் 1996-இல் நடந்தது. பத்தாண்டுகளாகப் பெட்டியே வைக்கப்படாத ஊர்களில் பெட்டி வைக்கப்பட்டது.

பழையது முற்றிலும் மறைந்துவிடவில்லை. இரு வேட்பாளர் சமமான வாக்குகள் பெற்றால், தேர்தல் அலுவலர் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார். சில நூறு வாக்காளரே உள்ள மலை வார்டுகளில் இது நடக்கவே நடக்காது என்று சொல்வதற்கில்லை. எண்ணிக்கை தீர்க்க முடியாத இடத்தில் குடவோலை இன்றும் வந்து நிற்கிறது.

ஆனால் நம் கவலை சமமான வாக்குகளைப் பற்றியதன்று. இடப்படாத வாக்குகளைப் பற்றியது. 2016 அக்டோபரில், பழங்குடியினருக்கான ஒதுக்கீடு முறைப்படி இல்லை என்ற வழக்கில், சென்னை உயர்நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. பளியரும் புலையரும் வாழும் பழனி மலைக்கு அது தொலைவான செய்தியன்று. குறையைத் திருத்திச் சில மாதங்களில் நடந்திருக்க வேண்டிய தேர்தல் 2019 டிசம்பர் வரை நடக்கவில்லை. இடையில் ஊர்களை ஆண்டவர்கள் தனி அலுவலர்கள். அத்தேர்தலில் வென்றோரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் உரிய காலத்தில் தேர்தல் இல்லை. மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். ஐந்தாண்டு என்ற சொல்லை அரசமைப்பில் ஏற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்தது. அதனை ஊரில் நிறுத்திவைக்க எவருடைய வாக்கும் தேவைப்படவில்லை.

தமிழில் எண்ணுதல் என்றால் கணக்கிடுதல். நினைத்தல் என்பதும் அதற்குப் பொருள். மலையடிவாரத்திலிருந்து குதிரை முதுகில் ஏறிச்செல்லும் வாக்குப்பெட்டியைப் படத்தில் கண்டு நாம் மகிழ்கிறோம். அந்தப் பெட்டி வராத ஆண்டுகளில் அந்த ஊரை யாரும் எண்ணவில்லை என்பதே அதன் பொருள், இரண்டு பொருளிலும்.