பதினைந்து ஆண்டு இடைவெளி: பொன்னியின் செல்வனைத் தொடர்ந்த எழுத்தாளர்கள்

இன்று பீங்கான் தொழிற்பேட்டையால் பெயர்பெற்றிருக்கும் விருத்தாசலம், தேவாரத்தில் முதுகுன்றம் என்று பாடப்பெற்ற தலமாகும். மணிமுத்தாற்றங்கரையிலுள்ள அவ்வூர்ப் பழமலைநாதர் கோயிலைக் கற்றளியாக, அதாவது கல்லால் ஆன கோயிலாக, எடுப்பித்தவர் கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவி என்பதை, உத்தம சோழனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அந்த ஆட்சியாண்டு கி.பி. 981ஐ ஒட்டி அமைவது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' உத்தம சோழன் முடிசூடும் இடத்தோடு, ஏறத்தாழ 970இல், முடிந்துவிடுகிறது. அருள்மொழிவர்மன் முதலாம் இராசராசனாக அரியணை ஏறியதோ 985இல். எனவே விருத்தாசலத்துத் திருப்பணி, கல்கி எழுதாமல் விட்ட அந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளிக்குள் விழுகிறது. ஓர் ஆசிரியர் மறைந்தபின் அவர் படைத்த உலகத்தை வேறொருவர் எடுத்து நடத்தும் வழக்கம் தமிழில் எவ்வாறு வளர்ந்தது என்பதை ஆராய்வதற்கு இந்த இடைவெளியே தகுந்த களம்.

இவ்வழக்கம் அச்சு இயந்திரத்தோடும் வார இதழோடும் பிறந்ததன்று. கோவலன், மாதவி ஆகியோரின் மகளைத் தலைவியாகக் கொண்டு சிலப்பதிகாரக் கதையை மேலே எடுத்துச் சென்ற மணிமேகலை, வேறொரு புலவர் ஆக்கிய தொடர்ச்சியே. இரண்டையும் இரட்டைக் காப்பியங்கள் என்று மரபு சேர்த்தே வழங்குகிறது. ஆனால் சாத்தனார் இளங்கோவின் குரலில் பாட முயலவில்லை. முன்னதில் ஊழின் ஆட்டமாக நின்ற வாழ்க்கையைப் பௌத்த அறத்தின் வெளிச்சத்தில் மாற்றிப் பார்த்தார். வில்லிபுத்தூரார் பத்துப் பருவங்களோடு நிறுத்திய பாரதத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை பதினெட்டுப் பருவங்களுக்கும் விரித்து, வில்லியின் பாடல்களைத் தம் நூலுக்குள்ளேயே பதித்துக்கொண்டு, ஏறத்தாழ 14,000 பாடல்களாக வளர்த்தது மற்றொரு வகை. கம்பர் பாடாத உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்ற மரபுச் செய்தியும் இவ்வரிசையில் வைக்கத்தக்கது.

தமிழ்நாட்டுக்கு வெளியே இதற்கு ஒப்பாக நிற்கும் நிகழ்ச்சிகளுள் தெலுங்கு மகாபாரதத்தின் கதை சுவையானது. அது சோழர் வரலாற்றோடும் பின்னியது. இராசராசனின் மகள் குந்தவைக்கும் கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கும் பிறந்த இராசராச நரேந்திரனின் அவையில் பதினோராம் நூற்றாண்டில் நன்னயர் தொடங்கிய அந்நூல், ஆரணிய பருவத்தின் நடுவில் நின்றுபோயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்த திக்கனர் அந்தக் குறைப் பகுதியைத் தொடாமல் விராட பருவத்திலிருந்து பதினைந்து பருவங்களைத் தம் நடையில் பாடி முடித்தார். பதினான்காம் நூற்றாண்டின் எர்ரனரே எஞ்சியிருந்த ஆரணிய பருவத்தை நிறைவு செய்தவர். அவர் நன்னயரின் நடையைப் பின்பற்றியதோடு நில்லாமல், மறைந்து மூன்று நூற்றாண்டு ஆகிவிட்ட அதே இராசராச நரேந்திரனுக்கே அப்பகுதியையும் உரிமையாக்கினார். தொடர்பவருக்கு முன்னுள்ள இரு வழிகளும் இந்த ஒரே நூலுக்குள் காணக் கிடைக்கின்றன: இணைப்பு தெரியாமல் மறைத்தல் எர்ரனர் வழி, இணைப்பைத் தெரியவிட்டுத் தன் குரலில் பாடுதல் திக்கனர் வழி. வடமொழியில் பாணரின் காதம்பரியை அவருடைய மகனும், சினசேனரின் மகாபுராணத்தை அவர் மாணவர் குணபத்திரரும் முடித்தனர். இவ்விரண்டிலும் தொடரும் உரிமை குருதி வழியாகவும் குருவழியாகவும் வந்ததைக் கவனிக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழில் இச்சிக்கல் புதிய வடிவம் எடுத்ததற்குக் காரணம் வார இதழ்த் தொடர்கதை. 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி, மணியத்தின் ஓவியங்களோடு ஐந்து பாகங்களாக வளர்ந்து, 1954 மே மாதத்தில் நிறைவுற்றது. மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் கதைமாந்தரோடு பழகிய வாசகர்களுக்கு அந்த முடிவு திடீர் முடிவாகப் பட்டது. அக்குறைக்கு முடிவுரையில் விடையளித்த கல்கி, பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கையைக் கேள்வி பதிலாகச் சுருக்கி உரைத்து, கதைக்கு அப்பாலும் நாவலாகத் தகுந்த நிகழ்ச்சிகள் சோழர் வரலாற்றில் மிகுந்திருப்பதைச் சுட்டினார். அந்தச் சில பக்கங்கள், பின்னால் வந்தவர்களுக்கு எழுதித் தந்த அனுமதிச் சீட்டுப் போலவே பயன்பட்டன என்று கூறினால் மிகையாகாது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கல்கி காலமானார்.

அவர் மறைந்தபோது உண்மையிலேயே முற்றுப்பெறாமல் நின்றது 'அமரதாரா' என்ற சமூக நாவல். கல்கி விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதை எழுதி முடித்தார். இது பாணரின் மகன் சென்ற வழி: உரிமையும் குறிப்பும் ஒரே வீட்டில் இருந்தன, எஞ்சியது நடையை ஒத்து எழுதும் பொறுப்பு மட்டுமே. 'பொன்னியின் செல்வன்' நிலை வேறு. அது முடிந்த நூல். அதன் தொடர்ச்சிக்குக் கல்கியின் குறிப்பேடும் இல்லை, வீட்டார் நியமித்த வாரிசும் இல்லை. ஆயினும் தொடர்ச்சிகள் பல தோன்றியது அந்த நூலுக்கே.

கல்கி மறைந்த அடுத்த சில ஆண்டுகளிலேயே இதில் முதலில் இறங்கியவர் 'அமுதசுரபி' இதழாசிரியர் விக்கிரமன். வேம்பு என்ற இயற்பெயருடைய இவர் (1928–2015) அரை நூற்றாண்டுக்கு மேல் அவ்விதழை நடத்தியவர். 'பொன்னியின் செல்வன்' முடிந்த இடத்திலிருந்து கதையை எடுத்து அவர் எழுதிய 'நந்திபுரத்து நாயகி', அமுதசுரபியில் தொடராக வெளிவந்து பின்னர் நூலாயிற்று. நந்திபுரம் என்பது இராசராசனின் தமக்கை குந்தவை வாழ்ந்த பழையாறைக்கு வழங்கிய மற்றொரு பெயர். வந்தியத்தேவனின் குதிரையின் பின்னே ஓடிய கதையின் அச்சு குந்தவையின் அரண்மனைக்கு மாறியதைத் தலைப்பே அறிவித்துவிடுகிறது.

அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' மற்றொரு திசையில் சென்றது. 'கல்கி' இதழிலேயே தொடராக வந்து 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்நாவல், இடைவெளி ஆண்டுகளை ஒரே தாவலில் கடந்து இராசேந்திரன் காலத்துக்குப் போய்விடுகிறது. இலங்கையில் மறைத்துவைக்கப்பட்ட பாண்டியர் மணிமுடியை மீட்கும் முயற்சி அதன் முதன்மையான கதையிழை. வல்லவரையர் வந்தியத்தேவர் அதில் முதியவராகத் தோன்றுகிறார். கல்கியின் துடுக்கான இளைஞனை மனத்தில் வைத்திருந்த அதே இதழின் வாசகர்கள் நரைத்த வந்தியத்தேவரைச் சந்தித்தனர். அகிலன் தம் நூலை எங்கும் தொடர்ச்சி என்று அறிவிக்க வேண்டிய தேவை எழவில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே வந்தியத்தேவரைக் குந்தவையின் கணவராகக் குறிப்பதால், அவரை எவரும் கதைக்குள் அழைத்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில்தான் சரித்திரத் தொடருக்கும் கற்பனை உலகத் தொடருக்கும் உள்ள வேறுபாடு தெளிவாகப் புலப்படுகிறது. 2007இல் காலமான அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' என்ற மாயக் காவியத் தொடர், அதாவது மந்திர ஆற்றலும் கற்பனை நாடுகளும் நிறைந்த நெடுங்கதை வரிசை, இறுதிப் பகுதியை எட்டாமல் நின்றது. அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல் இளம் எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்து, ஜோர்டனின் குறிப்புகளையும் எழுதி வைத்திருந்த பகுதிகளையும் அவரிடம் ஒப்படைத்தார். ஒரே நூலாகத் திட்டமிடப்பட்ட முடிவு 2009 தொடங்கி 2013 வரை மூன்று நூல்களாக விரிந்தது. அந்த உலகில் ஓர் ஊரின் தொலைவு முதல் ஓர் அரசியின் மரணம் வரை அனைத்துக்கும் சான்று ஜோர்டனின் காகிதங்களே. அவை கையில் இல்லாதவர் எழுதும் எதுவும் யூகமாகவே நிற்கும். சோழ உலகத்துக்கோ கல்கி எழுதுவதற்குத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செதுக்கப்பட்ட குறிப்புகள் கோயிற் சுவர்களில் உள்ளன. அவற்றுக்கு வாரிசுரிமை கோர எவராலும் இயலாது.

அத்தகைய குறிப்புகளுள் மிகுதியான கற்பனைக்கு இடந்தந்தது காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிற் கல்வெட்டு. விருத்தாசலம் அமைந்துள்ள அதே கடலூர் மாவட்டத்தில், நாவலின் முதல் காட்சி நிகழும் வீரநாராயண ஏரியின் அருகில் அது இருக்கிறது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனை, அதாவது இராசராசனின் தமையன் ஆதித்த கரிகாலனை, கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரையும் அவர்களுடைய உறவினரின் நிலங்கள் கைப்பற்றப்பட்டதையும் இராசராசனின் தொடக்க ஆட்சியாண்டைச் சேர்ந்த அச்சாசனம் கூறுகிறது. அவர்களை ஏவியவர் எவர் என்று கூறவில்லை. உத்தம சோழன் மீது ஐயம் விழும்படி கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் எழுதினார்; தி.வை. சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இருவரையும் கற்ற கல்கி, கடம்பூர் மாளிகையின் இருட்டில் கொலையை நிகழ்த்தி, வாள் எவர் கையில் இருந்தது என்பதை வேண்டுமென்றே மங்கலாக்கினார். அந்த மங்கல் பின்வந்தோர் பலருக்குக் கதைக்கருவாயிற்று. பாலகுமாரன் ஆறு பாகங்களாக எழுதிய 'உடையார்' இராசராசனின் பெரிய கோயில் பணியை நடுவில் வைத்து, சிற்பிகள், தளிச்சேரிப் பெண்டிர், அந்தண அதிகாரிகள் ஆகியோரின் பகையும் உறவும் வழியாக அப்பழைய குருதியை மீண்டும் நினைவூட்டியது. காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' ஐயத்தைக் குந்தவையின் பக்கமே திருப்பி, கல்கியைப் போற்றி வளர்ந்த வாசகர்களைத் திடுக்கிட வைத்தது. அனுஷா வெங்கடேஷின் 'காவிரி மைந்தன்' இவற்றுக்கு மாறாகக் கல்கியின் பாத்திரங்களையும் பரிவையும் அப்படியே ஏற்றுக்கொண்டு, நேர்த் தொடர்ச்சியாகத் தன்னை அமைத்துக்கொண்டது.

நேர்த் தொடர்ச்சிக்குரிய இடர் நடையில் உள்ளது. கல்கியின் கதைசொல்லி வாசகரைக் கூப்பிட்டுப் பேசுபவர். இடையிடையே நின்று சரித்திரப் பாடம் நடத்துபவர். ஆபத்தின் நடுவிலும் ஆழ்வார்க்கடியானைக் கொண்டு சிரிக்க வைப்பவர். காய்ந்துவிட்ட மண் கோப்பையின் உடம்பில் ஈரமான கைப்பிடியை ஒட்டினால், இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி இணைப்பில் விரிசல் விடும் என்பது விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர் எவரும் அறிந்தது. முன்னவரின் நடை இறுகியபின் பின்னவரின் பச்சை நடையை ஒட்டும்போதும் அதுவே நேர்கிறது. கல்கியின் சிரிப்பைப் பின்வந்தோர் எவராலும் முழுமையாகப் பெற இயலவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆகவே திக்கனரைப் போலத் தம் குரலில் எழுதிய அகிலனும் பாலகுமாரனும் நிலைபெற்ற அளவுக்கு, எர்ரனரின் வழியில் சென்றோர் நிலைபெறவில்லை.

சட்டத்தின் பங்கும் சிறிது உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு இருந்த பாதுகாப்பு 1992 திருத்தத்தால் அறுபதாயிற்று. அவ்வாறே விட்டிருந்தால் கல்கியின் நூல்கள் 2014 முடிவில்தான் பொதுவுடைமை ஆகியிருக்கும். அவருடைய நூற்றாண்டான 1999இல் தமிழக அரசு அவற்றை நாட்டுடைமையாக்கியதால், பல பதிப்பகங்கள் மலிவுப் பதிப்புகளை வெளியிட்டு, தொடர்ச்சிக்கு வேண்டிய புதிய வாசகர் கூட்டத்தை உருவாக்கின. 2022, 2023 ஆண்டுகளில் மணிரத்னத்தின் இரு திரைப்படங்கள் அக்கூட்டத்தை மேலும் பெருக்கின.

கல்வெட்டு உதவாத இடங்களும் உள்ளன. நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, சேந்தன் அமுதன் ஆகியோர் கல்கியின் படைப்புகள். இவர்களைத் தொடர்பவருக்குக் கல்கியின் பக்கங்களைத் தவிர வேறு சான்று இல்லை. இவர்களுள் சேந்தன் அமுதனைக் கல்கி கையாண்ட விதம் நுட்பமானது. குழந்தைகள் மாறிப்போனதால் பூக்கட்டும் குடும்பத்தில் வளர்ந்த அவனே செம்பியன் மாதேவியின் உண்மை மகன் என்றும், உத்தம சோழன் என்ற பெயரில் முடிசூடியவன் அவனே என்றும் கதை முடிவதால், விருத்தாசலத்துக் கல்வெட்டில் காணப்படும் தாய் மகன் உறவு கற்பனையால் சிறிதும் கலையவில்லை. தொடர்பவருக்குச் சங்கடம் அதற்கு அடுத்த அடியில் காத்திருக்கிறது. நாவலின்படி உத்தம சோழனின் அரசி படகோட்டிப் பெண் பூங்குழலி. செம்பியன் மாதேவி என்றே பெயர் பெற்ற ஊரின் கல்வெட்டுகளோ அவனுக்குத் தேவியர் பலர் இருந்ததைப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. மேலும் மதுராந்தகன் கண்டராதித்தன் என்ற அவன் மகன், இராசராசன் ஆட்சியில் கோயில்களின் கணக்கை ஆராயும் பொறுப்பில் பணியாற்றியதைச் சாசனங்கள் காட்டுகின்றன. அரியணைக்கு உரிமையுடைய ஒரு மகன் இருந்தும் முடி அருள்மொழிக்கு எவ்வாறு சென்றது, அந்த மகன் பகைக்காமல் அதிகாரியாக அமைந்ததற்கு எது காரணம், பூங்குழலியை அவனுடைய தாயாகக் கொள்வதா சிற்றன்னையாகக் கொள்வதா என்ற கேள்விகளுக்கு, இடைவெளியை எழுத முற்படும் ஒவ்வொரு நாவலாசிரியரும் தாமே விடை காண வேண்டியிருக்கிறது.